மக்காச்சோள எண்ணெய்: கரு உடையாமல் வந்தால் பாதி வெற்றி

மக்காச்சோளத்தை முழு மணியாகச் செக்கில் போட்டால் எண்ணெய் சொட்டாது. மணியின் எடையில் எண்ணெய் 4 சதவீதம் அளவுதான். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஆனால் அந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், மணியின் எடையில் பத்தில் ஒரு பங்கே வரும் கருவுக்குள், அதாவது முளை கிளம்பும் பகுதிக்குள், அடைந்து கிடக்கிறது. கருவை உடையாமல் தனியே எடுத்துவிட்டால் பிழிவது பெரிய வேலையில்லை.

மாவுச்சத்தைப் பிரித்தெடுக்கும் ஸ்டார்ச் ஆலைகளில் மணியை முதலில் ஊறவைக்கிறார்கள். சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில், 0.1 முதல் 0.2 சதவீதம் கந்தக டைஆக்சைடு கலந்த நீரில், 30 மணி நேரத்துக்கும் மேல். மாவுச்சத்தைக் கட்டிவைத்திருக்கும் புரதத்தைக் கந்தக டைஆக்சைடு தளர்த்தும். கெடுக்கும் கிருமிகளையும் அடக்கும். சூடு 45 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வேண்டாத நொதித்தல் தொடங்கும். 55-ஐத் தாண்டினால் ஊறலுக்கு உதவும் லாக்டிக் அமில பாக்டீரியா செத்துவிடும். பதம் பார்க்க, ஊறிய மணியை விரல்களுக்கிடையே நசுக்க வேண்டும். கரு வழுக்கிக்கொண்டு முழுதாக வெளியே வரணும். ஒட்டிக்கொண்டே வந்தால் இன்னும் ஊறவில்லை.

அடுத்தது, பல் வைத்த தட்டுகள் சுழலும் அரவை இயந்திரம். இங்கே மணியை அரைக்கக் கூடாது, உடைக்க வேண்டும். தட்டுகளின் இடைவெளி குறைந்தால் கரு சிதைந்து, கசியும் எண்ணெய் மாவுச்சத்திலும் புரதத்திலும் ஏறிவிடும். அதை மீட்பது கடினம், ஸ்டார்ச்சின் தரமும் கெடும். இடைவெளி கூடினால் கரு தோலோடு ஒட்டியே போகும். அதனால்தான் ஒரே மூச்சில் உடைக்காமல் இரண்டு முறை உடைத்து, ஒவ்வொரு முறையும் கருவைப் பிரிக்கிறார்கள்.

பிரிப்பது ஹைட்ரோசைக்ளோன் என்ற கூம்புக் குழாய். உடைத்த மணியும் நீரும் சேர்ந்த கூழை அழுத்தத்தோடு பக்கவாட்டில் செலுத்தினால் அது சுழலும். எண்ணெய் நிறைந்த கரு லேசானது என்பதால் மேல்வழியே வரும், மற்றவை கீழே போகும். கூழ் நீர்த்திருந்தால் கருவும் கீழே போய்விடும். கெட்டியாக இருந்தால் தோலும் நாரும் கருவோடு மேலே வந்து, எண்ணெய்ச் சதவீதத்தைக் குறைக்கும். ஆலையில் இந்த அடர்த்தியை விடாமல் கவனிக்கும் ஆள்தான் எண்ணெய் அளவைத் தீர்மானிக்கிறார்.

கழுவி, நீரைப் பிழிந்த கருவை உடனே 3 அல்லது 4 சதவீத ஈரத்துக்கு உலர்த்த வேண்டும். ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடித்து, எண்ணெயில் அமிலம் ஏறும். கருகினால் வரும் கருமையைப் பின்னால், நிறத்தை உறிஞ்சும் வெளுப்பு மண்ணாலும் முழுதாக எடுக்க முடியாது. நன்றாகப் பிரித்த இந்தக் கருவில் 45 சதவீதத்துக்குக் குறையாமல் எண்ணெய் இருக்கும். ஊறவைக்காத உலர் அரவையில் கிடைக்கும் கருவில் மாவு ஒட்டியிருப்பதால் அதில் பாதிதான் தேறும்.

பிறகு கருவைச் சூடாக்கி, எக்ஸ்பெல்லர் என்ற திருகுச் செக்கில் பிழிகிறார்கள். ஈரம் மிஞ்சினால் கரு திருகில் வழுக்கும். மிகக் காய்ந்தால் பொடிந்து எண்ணெயில் கசடு சேரும். புண்ணாக்கில் தங்குவதை, எண்ணெயைக் கரைக்கும் ஹெக்சேன் என்ற திரவத்தில் கரைத்தெடுத்து, ஹெக்சேனை ஆவியாக்கி மீட்கிறார்கள்.

வருவது கரும்பழுப்பு எண்ணெய். சூடான நீர் சேர்த்துப் பசையையும், காஸ்டிக் சோடா சேர்த்துக் கொழுப்பு அமிலத்தையும் நீக்குகிறார்கள். காஸ்டிக் கூடினால் நல்ல எண்ணெயும் சோப்பாகிப் போகும். வெளுப்பு மண்ணில் நிறம் நீக்கி, குளிர்வித்து மெழுகை வடிகட்டி, கடைசியில் வெற்றிடத்தில் 230 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி மணத்தை எடுக்கிறார்கள். மெழுகு போனதா என்று பார்க்க, எண்ணெயை 0 டிகிரியில் ஐந்தரை மணி நேரம் வைப்பார்கள். கலங்கினால் மறுபடி வடிகட்ட வேண்டும்.

சுத்திகரிக்காத எண்ணெயே உயர்ந்தது என்ற பேச்சு மக்காச்சோளத்துக்குப் பொருந்தாது. ஃபியூசேரியம் பூஞ்சை தாக்கிய மணியில் உண்டாகும் சியரலெனோன் என்ற நஞ்சு கொழுப்பில் கரைந்து எண்ணெயோடு வந்துவிடும். அதைக் குறைப்பது காஸ்டிக்கும் மணநீக்கமும்தான்.