'ஒழுங்கற்ற பிழை' யார் செய்த பிழை?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் டியூஷன் போகிற தமிழ்வழி பிளஸ் டூ பிள்ளைகளின் வேதியியல் செய்முறைக் குறிப்புகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: ஒழுங்கற்ற பிழைகளைத் தவிர்க்கக் கவனமாகச் செய்ய வேண்டும். ரேண்டம் எரருக்குத்தான் இந்தத் தமிழ். "நான் ஒழுங்காத்தானே சார் பண்ணேன்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

   

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை, அதாவது பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கிற சோதனையை, எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டில், அதாவது அளவுக்கோடு போட்ட திருகுக் குழாயில், கோட்டுக்குக் கோடு 0.1 மி.லி., இரண்டு கோட்டுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. கரைசல் அடர்நிறம் என்பதால் கீழ்வளைவு தெரியாது, மேல்விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரு துளியே சுமார் 0.05 மி.லி. இருக்கும்; வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்ததா என்று பார்த்துக் குழாயை மூடுவதற்குள் ஒரு துளி கூடும், இன்னொரு முறை குறையும். 19.6, 19.7, 19.6 என்று அளவு ஆடுகிறதே, அந்த ஆட்டம்தான் ரேண்டம் எரர். கவனமாகச் செய்தால் குறையும், ஒழியாது.

'ஒழுங்கற்ற' என்ற பெயரில் அதைவிடப் பெரிய கோளாறு, இந்தப் பிழையில் ஒழுங்கு இருக்கிறது என்பதுதான். அடுத்த அளவு கூடுமா குறையுமா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நிறைய அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் சின்ன விலகல்கள் அதிகமாகவும் பெரிய விலகல்கள் அரிதாகவும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவும் விழும். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட காஸ் 1809இலேயே அந்த மணி வடிவ வளைவைப் பிழைகளுக்குப் பொருத்திக் காட்டிவிட்டார். சராசரி எடுப்பது பலிப்பதே இந்த ஒழுங்கால்தான்: 4 முறை செய்து சராசரி எடுத்தால் ஆட்டம் பாதியாகும். இதைப் போய் ஒழுங்கற்றது என்றால்?

ரேண்டமுக்கு 'சமவாய்ப்பு' என்பார்கள் கணக்கு வாத்தியார்கள். பகடைக்குப் பொருந்தும், இங்கே சின்னதுக்கும் பெரியதுக்கும் சமமான வாய்ப்பு இல்லையே. 'தற்செயல்' பரவாயில்லை, ஆனால் குடுவை கைநழுவி உடைவதும் தற்செயல்தான். இலங்கைத் தமிழர்கள் 'எழுமாறு' என்கிறார்கள், எழுகிறபடி என்று பொருள், 'பின்வருமாறு' போன்ற அமைப்பு. யாரையும் குற்றம் சொல்லாத சொல். என் ஓட்டு 'எழுமாற்றுப் பிழை'க்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் புரிவது பெரம்பூர்ப் பிள்ளைக்குப் புரியாதா என்ன?

ரிலையபிலிட்டிக்கு 'நம்பகத்தன்மை' நல்ல சொல்தான், அதைத் துல்லியத்தோடு போட்டுக் குழப்புவதுதான் தொல்லை. திரும்பச் செய்தாலும் ஒட்டிய அளவுகளே வந்தால் நம்பகம், உண்மையான அளவுக்கு ஒட்டி வந்தால் துல்லியம். எடைபோட்டுக் கரைத்த திட்டக் கரைசலே (செறிவு தெரிந்தது என்று நம்பி ஒப்பிடுகிற கரைசல்) தப்பாக இருந்தால் எத்தனை முறை செய்தாலும் ஒரே தப்பு வரும், நம்பகமாக வரும்! அந்த சிஸ்டமேட்டிக் எரருக்கு வைத்த பெயரோ 'முறையான பிழை'. முறையான விண்ணப்பம், முறையான அனுமதி என்று நாள் முழுக்கச் சொல்கிற ஊரில் ஒரு பிழையையும் முறையாகச் செய்யச் சொல்கிறார்கள். ஒரே பக்கமாக இழுப்பதால் 'ஒருசார் பிழை' என்றால் போதாதா? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறந்தார்களே தவிர பியூரெட்டைத் திறந்து பார்க்கவில்லை.

பிளஸ் டூ பிள்ளைகள் மட்டும் இதைப் படித்துவிட்டுப் பொதுத்தேர்வில் 'எழுமாற்று' என்று எழுதி வைக்காதீர்கள், பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுதி மார்க்கை வாங்கிக்கொள்ளுங்கள்.