பேங்க் லோன் ஓகே ஆயிடுச்சுன்னா வீடு நல்ல வீடா?

நான் பேங்குகளுக்காக வீடு, மனைக்கு மதிப்பு போட்டுக் குடுக்குற சிவில் இன்ஜினியர், தாம்பரம் தாண்டி முடிச்சூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு வாரத்துல நாலு நாள் டேப்பும் கையுமா சுத்துறவன். வாங்குறவங்க எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, "சார், பேங்க்லயே ஓகே பண்ணிட்டாங்கன்னா எல்லாம் கிளியர் தானே?"

இல்லீங்க. நீங்க இஎம்ஐ கட்டலன்னா அந்த எடத்த வித்து கடன எடுக்க முடியுமா, அதத்தான் பேங்க் பாக்குது. வெள்ளம் வருமான்னு என் ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு தான், ஆனா ஏப்ரல் வெயில்ல அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு அதுல என்னத்த எழுதுறது சொல்லுங்க.

கொஞ்ச நாள் முன்னாடி தேனியில இருந்து வேலைக்கு வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி அடையாத்துப் பக்கம் ஒரு தனி வீடு பாத்து வச்சிருந்தாங்க, புது பெயின்ட், மாடுலர் கிச்சன், புரோக்கர் "ஏரியா செம்மயா டெவலப் ஆகுது மேடம்"னு சொல்லிட்டே இருக்காரு. 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி முழுகிச்சுன்னு சென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு யார் சொல்லுவா? நான் அளவு எடுத்துட்டு வெளிய வந்தா பக்கத்து காம்பவுண்டு சுவத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. எதிர்ல புதுசா கட்டுறவரு பேஸ்மட்டத்த ரோட்ல இருந்து அஞ்சு அடி தூக்கிட்டு இருக்காரு, இவங்க வீடு ஒண்ணரை அடி கூட இல்ல. தெருமுனையில அயர்ன் வண்டி வச்சிருக்குற அக்காகிட்ட கேட்டேன், "2015-ல ஜன்னல் வரைக்கும் சார், அப்புறமும் ரெண்டு தடவ வாசல் வரைக்கும் வந்துச்சு"ன்னாங்க. கமிஷன் இல்லாத ஆளு சொன்னா நம்பலாம். தண்ணி கேன் போடுற பையன்கிட்டயும் கேளுங்க, போர் தண்ணி உப்பா, மே மாசம் லாரி வாங்குறாங்களான்னு அவனுக்கு வீடு வீடா தெரியும்.

பேப்பர் விஷயத்துல இசி, அதாவது வில்லங்கச் சான்று, 'நில்'னு (வில்லங்கம் எதுவும் இல்லன்னு) வந்தா நிம்மதி ஆயிடாதீங்க, பதிவான பத்திரம் மட்டும் தான் அதுல வரும், பதியாத உயில், பங்கு கேக்க வராத தங்கச்சி இதெல்லாம் வராது. சர்வே நம்பர வச்சு தமிழ்நாடு அரசோட ஈ-சர்வீசஸ் சைட்ல 'அ' பதிவேடும் (நிலம் என்ன வகைன்னு சொல்ற அரசாங்கப் பதிவு) புலப்படமும் (நிலத்தோட அளவுப் படம்) பாருங்க, பக்கத்துலயே ஓடை, தாங்கல்னு (சின்ன ஏரி) இருந்துச்சுன்னா அந்தப் பக்கம் ஒரு தடவ நடந்து பாத்துட்டு வந்து பேசுங்க. "பஞ்சாயத்து அப்ரூவல் சார்"னு எவனாவது மனைக்கு சொன்னா அங்கயே டீ குடிச்சிட்டு கிளம்பிடுங்க, லேஅவுட்டுக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இல்லன்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) குடுத்த அப்ரூவல் நம்பர் வேணும், 20-10-2016-க்கு முன்னாடி வித்த அப்ரூவல் இல்லாத மனைன்னா அத அப்புறமா முறைப்படுத்திக் குடுத்த வரன்முறை ஆர்டர் காப்பி கேளுங்க. இதெல்லாம் வக்கீல் பாத்துப்பாரு, அவரு பாக்காதது தான் தெரு.

அதனால தெரியாத ஏரியான்னா நான் எல்லார்கிட்டயும் சொல்றது, ஒரு ஐப்பசி கார்த்திகை அங்கயே வாடகைக்கு இருந்து பாருங்க. அது முடியலன்னா நல்லா மழை பேஞ்ச மறுநாள் காலைல போங்க, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ கிடைக்குதான்னு ஒரு தடவ பாருங்க.

அந்த வீடு வேண்டாம்னு சொன்னதும் தேனிக்காரங்க முதல்ல என் மேல கோவப்பட்டாங்க, அட்வான்ஸ் ஒரு லட்சம் குடுத்துட்டாங்க பாவம், பாதி தான் திரும்பி வந்துச்சு. அதே ஏரியாவுல மேட்டுத் தெருவுல வாடகைக்கு இருந்து ஒரு மழைக்காலம் பாத்துட்டு இப்ப அங்கயே ரெண்டாவது மாடி ஃபிளாட் வாங்கிட்டாங்க. அந்த பழைய வீட்டுக்கு போன மாசம் வேற பேங்க்ல இருந்து மறுபடி என்னையே கூப்பிட்டாங்க, இந்த தடவ பக்கத்து காம்பவுண்டுக்கும் சேத்து பெயின்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. வெள்ளக் கட்டத்துல யோசிக்காம 'உண்டு'ன்னு எழுதிட்டு வந்தேன்.