கதவு கனத்தால் ஸ்பிரிங்கை முறுக்காதீர்கள்

போன அக்டோபரில் ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, டாய் ஹாலரோட பின்கதவு ரொம்பக் கனக்குது. வாங்கின புதுசுல நான் ஒருத்தனே ஒரு கையால தூக்கிடுவேன். இப்போ வீட்டுக்காரியும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்கு. ஸ்பிரிங் போயிடுச்சு போல. வந்து கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க" என்றார்.

நான் போய்க் கதவை இறக்கச் சொன்னேன். கீலுக்குப் பக்கத்தில், வலது மூலையில், குதிகாலை வைத்து அழுத்தினேன். ஊறிய ரொட்டியை மிதித்த மாதிரி உள்ளே போனது. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. கதவுதான் தண்ணீர் குடித்திருந்தது.

ஹூஸ்டன் பக்கம் ஆர்.வி. எனப்படும் சுற்றுலா வீட்டு வண்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஸ்பிரிங்கைப் பற்றி வரும் இந்த மாதிரி அழைப்புகளில் பல கடைசியில் மக்கிப்போன மரத்தில்தான் போய் முடிகின்றன. அமெரிக்காவில் நம்மவர்களும் இப்போது ஆர்.வி. வாங்குகிறார்கள், அதிலும் பழைய வண்டியாகப் பார்த்து வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. டாய் ஹாலர் என்பது முன்பாதி வீடும் பின்பாதி கராஜுமாக இருக்கும் இழுவை வண்டி. மோட்டார் சைக்கிள், மணல்மேட்டில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி எல்லாம் பின்பாதியில் போகும். பின்சுவர் முழுவதுமே ஒரு கதவு. கீல் அடியில் இருப்பதால் மேலிருந்து கீழே சாய்த்து இறக்கினால் தரையைத் தொட்டுச் சரிவுப் பாதையாகிவிடும். அதன் மேல்தான் வண்டியை ஓட்டி ஏற்றுவார்கள். கதவைத் தூக்கும்போது அதன் கனத்தில் ஒரு பங்கைச் சுமக்கத்தான் முறுக்கிய ஸ்பிரிங் (டார்ஷன் ஸ்பிரிங்) இருக்கிறது. பல வண்டிகளில் இருபுறமும் கம்பிவடம் கட்டிப் பாதியிலேயே கிடைமட்டமாக நிறுத்தி, திண்ணை மாதிரி உட்காரவும் செய்யலாம். அதற்குப் பேடியோ என்று பெயர்.

ஆக, ஒரே பலகை நாலு வேலை பார்க்கிறது. ஓடும்போது சுவர், ஏற்றும்போது பாலம், நிறுத்திய இடத்தில் திண்ணை, மழைக்கு மறைப்பு. இத்தனையும் சுமக்கிற பலகை உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அலுமினியக் குழாயிலோ மரத்திலோ ஒரு சட்டம். இடைவெளிகளில் வெள்ளை ஃபோம். வெளிப்பக்கம் மெல்லிய பிளைவுட்டின் மேல் ஒட்டிய ஃபைபர்கிளாஸ் தோல். உள்பக்கம் கனமான பிளைவுட், அதன் மேல் வழுக்காமலிருக்க ரப்பரோ பூச்சோ. இவையெல்லாம் பசையால் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டில்தான் வலு இருக்கிறது. நூறு காகிதத்தை அடுக்கிப் பிடித்தால் வளையும், அதையே ஒட்டி அட்டையாக்கினால் விறைப்பாக நிற்கும். தண்ணீர் முதலில் கை வைப்பது அந்த ஒட்டில்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்துதான் உள்ளே வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ரப்பர் கிழிந்தால் கராஜ் தரை நனையும், அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கதவின் வயிற்றுக்குள் போகும் தண்ணீருக்கு வழி வேறு. 80 அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள வண்டிகளுக்குப் பின்னால் மேலே அடையாள விளக்குகள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்த விளக்குகள் கதவிலேயே பொருத்தப்பட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒயர் போக ஓர் ஓட்டையும் இரண்டு திருகுகளும் கதவின் தோலைத் துளைத்திருக்கும். தாழ்ப்பாள், கைப்பிடி, கம்பிவடம் மாட்டும் கொக்கி, ஜன்னல் இருந்தால் அதன் சட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு வழி. இந்த ஓட்டைகளை அடைத்திருக்கும் சீலன்ட் பசை வெயிலில் காய்ந்து தலைமயிர் அளவு வெடித்தால் போதும். நெடுஞ்சாலையில் மழையில் போகும்போது பின்சுவரில் சுழலும் காற்று தண்ணீரை எல்லாப் பக்கமும் அடித்துத் தள்ளும்.

இன்னொரு வழியை யாரும் யோசிப்பதில்லை. கதவைத் திண்ணையாக விரித்து வைத்தால், வீட்டுக்குள் இருக்க வேண்டிய பக்கம் வானத்தைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் மழைக்காகச் செய்யப்பட்டதல்ல. வழுக்குத்தடுப்புப் பட்டை அடித்த ஒவ்வொரு திருகும் நேராக பிளைவுட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மழை வந்ததும் உள்ளே ஓடிப்போய், காலையில் வந்து அப்படியே மடக்கிச் சாத்திவிடுகிறோம். ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. சேற்று வண்டியை அப்படியே ஏற்றி, கராஜுக்குள்ளேயே ஹோஸ் பிடித்துக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். கழுவிய தண்ணீர் பெரும்பாலும் கீல் வழியாகத்தான் வெளியே போகும்.

கதவு சாத்தியிருக்கும்போது கீல்தான் அடிப்பகுதி. மேலே விளக்கு ஓட்டையில் நுழைந்த தண்ணீர் உள்ளுக்குள்ளேயே இறங்கி அங்கே வந்து தேங்கும். கதவின் மொத்தப் பாரத்தையும் பிடித்திருக்கும் திருகுகள் அங்கேதான் மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கின்றன.

இப்படி மரம் மக்குவதை அமெரிக்கர்கள் "ட்ரை ராட்", அதாவது உலர் மக்கல் என்று சொல்வார்கள். பெயர்தான் அப்படி. உலர்ந்த மரம் மக்காது. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை வளராது. 28, 30 சதவீதத்தைத் தாண்டி அப்படியே கிடந்தால் வேலையைத் தொடங்கிவிடும். மரத்தின் எடை 10 சதவீதம்கூடக் குறையாத ஆரம்பக் கட்டத்திலேயே அதன் வலு பாதிக்கு மேலும் குறைந்துவிடலாம். பார்வைக்கு மரம் மரமாகத்தான் இருக்கும்.

இப்போது அந்தக் கனத்துக்கு வருவோம். எட்டடிக்கு ஏழரை அடிக் கதவு, முக்கால் அங்குல பிளைவுட் என்றால் உலர்ந்த மரத்தின் எடை ஏறக்குறைய 50 கிலோ. ஈரப்பதம் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு ஏறினால் 15 கிலோ தண்ணீர் கூடிவிடும். ஃபோமைச் சுற்றித் தேங்குவது தனி. ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. தூக்குகிறவர் கதவின் வெளிநுனியைப் பிடித்துத் தூக்குகிறார், தண்ணீரோ கீல் பக்கம் தேங்கி நிற்கிறது. கீலுக்கு ஓரடி தள்ளி இருக்கிற 10 கிலோ, ஏழெட்டடி தள்ளிப் பிடித்திருக்கும் கைக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவாகத்தான் தெரியும். கைக்கே கனம் தெரிகிறது என்றால், ஈரம் கதவு முழுக்கப் பரவிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் இந்தக் கனத்தை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில் ஸ்பிரிங்கை முறுக்கினால் கதவு லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். கதவு தந்த ஒரே எச்சரிக்கையையும் நாமே வாயடைத்ததாகிவிடும். போதாததற்கு, மக்கிய மரத்தில் நிற்கும் திருகுகளின் மேல் இழுவிசையையும் கூட்டியிருப்போம். இறுகிய டார்ஷன் ஸ்பிரிங் கையிலிருந்து நழுவினால் விரலோ மணிக்கட்டோ போய்விடும் என்பது வேறு. யூட்யூப் பார்த்து அதில் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உடைவது எப்படி? வண்டி ஏறும்போது கதவு ஒரு பாலம்: ஒரு முனை கீலில், மறுமுனை தரையில். சக்கரம் நடுவே வரும்போது வளைவு அதிகம். மேல் பிளைவுட் நசுங்கப் பார்க்கும், கீழ்த் தோல் இழுபடும். ஒட்டு விட்டுப்போயிருந்தால் பிளைவுட் தனியாகப் புடைத்து மடியும், சக்கரம் உள்ளே இறங்கும். கதவில் 2,500 அல்லது 3,000 பவுண்ட் தாங்கும் என்று ஸ்டிக்கர் இருக்கலாம். அது புதுக் கதவுக்கு, மட்டமான தரையில் முனை முழுதாகப் பதிந்திருக்கும் நிலைக்குச் சொன்ன கணக்கு. ஒரு மூலை மட்டும் தரையில் பட்டால் கதவு முறுகும்.

நான் அதிகம் பயப்படுவது திண்ணைக்குத்தான். வண்டி ஏற்றும்போது கதவு உடைந்தால் பெரும்பாலும் பொருள் சேதம். திண்ணையில் இருப்பவர்கள் மனிதர்கள். மூன்றடி உயரத்தில் கதவு இரண்டு கம்பிவடத்தில் தொங்குகிறது. வடம் சோதாவாக இருக்காது, வடத்தின் கொக்கியைப் பிடித்திருக்கும் திருகுதான் மக்கிய மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். சத்தம் கொடுத்து, வளைந்து காட்டிவிட்டு விழுகிற ஜாதி இல்லை இது. ஒரு மூலை திடீரென்று இறங்கும். பிறந்தநாள் விருந்துக்குப் பத்துப் பேரை ஏற்றி உட்கார வைத்த ஒரு கதவை நான் பின்னால் பிரித்துப் பார்த்தேன். கொக்கித் திருகு ஒன்றை விரலாலேயே வெளியே எடுத்தேன். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

வீட்டிலேயே சோதிக்க என்ன செய்யலாம்? கதவை இறக்கி, கீல் ஓரம் முழுக்கக் குதிகாலால் அழுத்திக்கொண்டே நடங்கள். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்றும் ஒட்டு விட்ட இடம் மொத்தென்றும் கேட்கும். சாத்திய கதவின் வெளிப்பக்கத்தைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் மாலை வேளையில் பார்த்தால் ஃபைபர்கிளாஸ் உப்பல் தெரியும். அப்புறம், எனக்கு மிகப் பிடித்த சோதனை: ஒரு விளக்கைக் கழற்றுங்கள். திருகு துருவேறி வந்தாலோ ஓட்டைக்குள் மரம் கறுத்திருந்தாலோ பதில் கிடைத்துவிட்டது. ஈரப்பத மீட்டர் வாங்குவதென்றால் ஊசி குத்தும் வகையை வாங்குங்கள். ஊசியில்லாத மீட்டர் அடியில் அலுமினியச் சட்டம் இருந்தால் ஈரம் என்று பொய் சொல்லும்.

சீலன்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பழையதைச் சுரண்டிவிட்டு, விளக்குக்கும் கொக்கிக்கும் அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை வைத்துத் திருகி, விளிம்பில் ஆர்.வி. சீலன்ட் போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதா சிலிக்கான் வேண்டாம். அது விட்டுப்போனால் அந்த இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது.

ஏற்கெனவே மக்கிவிட்டதென்றால் மேலே அலுமினியத் தகடு அடித்து மூடுவது வைத்தியம் ஆகாது. ஈரம் உள்ளேயே இருக்கும், இன்னும் நூறு ஓட்டை கூடும். பிரித்து, நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, புது பிளைவுட்டின் வெட்டு விளிம்புகளை எபாக்ஸியில் ஊற வைத்துத்தான் போட வேண்டும். ஊரில் நாம் வாங்கும், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறி உள்ள மரைன் பிளைவுட் பூஞ்சைக்கு மருந்தடித்து வரும். இங்கே மரைன் பிளைவுட் என்று விற்பதில் அந்த மருந்து கிடையாது. பசை தண்ணீரைத் தாங்கும், மரம் மக்கும். சரி, மருந்தடித்த பலகையையே போடலாமே என்றால், அதிலுள்ள செம்பு அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. "அரிசோனா வண்டி, மழையே பார்த்ததில்லை" என்று விற்பார்கள். அந்த வெயில் மழையைவிட வேகமாக சீலன்டைத் தின்றிருக்கும். அதை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து ஹூஸ்டன் மழையில் நிறுத்தினால், அந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்குவதற்கு ஒரு பருவம் போதும்.

அந்தத் தம்பியின் கதவை முழுதாகப் பிரித்தோம். கீழ் இரண்டடி பிளைவுட்டைக் கையாலேயே அள்ளி எடுத்தேன். எல்லாம் ஒட்டிக் காய்ந்து மாட்டிய பிறகு, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றைக் கைப்பிடி நாடாவில் மாட்டிக் கதவைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கினேன். 31 பவுண்ட் காட்டியது. கராஜின் உள்சுவரில் பென்சிலால் தேதியையும் அந்த எண்ணையும் எழுதிவிட்டு வந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் பார்க்கும்போது தம்பி அதற்குக் கீழே இன்னொரு எண் எழுதுகிறார். இதுவரை மூன்று எழுதியிருக்கிறார்: 31, 32, 31.