பள்ளிக்கூடத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 வந்தால் சென்னைப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மரக்கன்று, ஓர் ஓவியப் போட்டி, நீரைச் சேமிக்கச் சொல்லும் நாலைந்து சார்ட் பேப்பர். அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சார்ட்டை ஒட்டிய சுவருக்குப் பின்னாலேயே கழிப்பறைத் தொட்டி ஒழுகிக்கொண்டிருக்கும்; அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாணவர்கள் கையில் ஒரு வாளி, ஓர் அளவுகோல், ஒரு தராசு கொடுத்துப் பாருங்கள். படம் வரைந்து கிடைக்காத பலன் கிடைக்கும்.

இதற்குப் பின்னால் இருப்பது வேதியியல் தொழிற்சாலைகள் தினமும் பயன்படுத்தும் எளிய விதி. உள்ளே வந்த பொருள் மாயமாவதில்லை. ஒன்று வெளியே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். பள்ளியின் காம்பவுண்டு சுவரை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீர், லாரித் தண்ணீர், மின்சாரம், அரிசி, காகிதம் எல்லாம் கேட் வழியாக உள்ளே வருகின்றன. சாக்கடை நீர், குப்பை, வெப்பம் எனப் பல உருவில் வெளியே போகின்றன. மாத மளிகைக் கணக்கில் எங்கேயோ இடிக்கிறது என்று அம்மா கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும். வரவும் செலவும் பொருந்தாத இடத்தில்தான் ஒழுகல் இருக்கும்.

முதலில் தண்ணீர். இதற்கு நல்ல சோதனைக்கூடம், யாரும் இல்லாத பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை மாலை மோட்டாரை நிறுத்திவிட்டு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். திங்கள் காலை, மோட்டார் போடுவதற்கு முன் மறுபடியும் அளக்க வேண்டும். (தொட்டியை அளப்பது ஆசிரியர் வேலை, மாணவர்கள் கீழே நின்று கணக்குப் போட்டால் போதும்.) 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள தொட்டி என்றால் மட்டம் 1 செ.மீ. இறங்கினாலே 50 லிட்டர் போயிருக்கிறது. 20 செ.மீ. இறங்கியிருந்தால் 1,000 லிட்டர். வாட்ச்மேன் குளித்ததையும் செடிக்கு ஊற்றியதையும் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

சொட்டும் குழாய்தான் குற்றவாளி என்று எல்லோரும் நினைப்போம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வீண்தான், ஆனால் 1,000 லிட்டருக்கு அது கணக்குச் சொல்லாது. சத்தமே இல்லாமல் ஒழுகும் ஃப்ளஷ் தொட்டிகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கழிப்பறைக் கிண்ணத்தில் ஆரஞ்சு நிறம் வந்தால், அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

அடுத்தது மழை. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் இதே சென்னைக்குத்தான். சட்டத்துக்காகப் போட்ட குழாய்கள் பல இடங்களில் சுவரோடு நிற்கின்றன. அவை எங்கே முடிகின்றன என்று கேட்டால் பதில் இருக்காது. புரட்டாசியிலேயே மாணவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடலாம். மொட்டை மாடி வடிகால் வாயில் ஒருவர் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், கீழே ஒருவர் பார்க்க வேண்டும். தண்ணீர் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகிறதா, தெருவுக்கு ஓடுகிறதா, இலை அடைத்து மாடியிலேயே நிற்கிறதா?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 500 சதுர மீட்டர் மாடியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 5.6 லட்சம் லிட்டர் கிடைக்கும். முதல் மழை மட்டும் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தனியே திறந்துவிட்டுவிட வேண்டும்.

குழி எப்படி இருக்க வேண்டும் என்பதை மண் சொல்லும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் ஊற்றிய வாளித் தண்ணீர் கண்ணெதிரே மறையும். களிமண் பகுதியில் அப்படியே நிற்கும். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி ஆழமாகத் துளை போட்டால்தான் நீர் இறங்கும். ஒரு சிறு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே பார்த்துவிடலாம்.

கடலோரப் பள்ளிகளுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. அதனால் மணலுக்கடியில் நன்னீர் மேலே மிதக்கிறது, உப்புநீர் கீழே கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கோட்பாட்டின்படி அது கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரை அழுத்தி வைக்கும். போர்வெல் போட்டு அந்த 1 மீட்டரை உறிஞ்சிவிட்டால் நிலைமை தலைகீழாகி, உப்பு மேலே ஏறும். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் (டிடிஎஸ்) காட்டும் ஒரு சாதாரண மீட்டரால் ஐப்பசிக்கு முன்பும் தைக்குப் பின்பும் கிணற்று நீரை அளந்தால் இந்த இழுபறி எண்ணாகவே தெரியும். குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். 160 ஃபேன்கள் உள்ள பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் காலி அறைகளில் அவை சுற்றினால் 12 யூனிட் போச்சு. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கி நம்மைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அதன் மோட்டார் கொஞ்சம் சூடேற்றுகிறது, அவ்வளவுதான்.

சாப்பாடு கொஞ்சம் நுணுக்கமான விஷயம். மதிய உணவுக்குப் பின் மீந்ததைத் தராசில் வைத்து, அன்று என்ன சாதம் என்பதோடு சேர்த்து எழுதி வர வேண்டும். பாத்திரத்தை நிறுக்கலாம், பிள்ளைகளின் தட்டை நிறுக்கவே கூடாது. யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்பது நமக்குத் தேவையில்லை, அது அவமானமாகவும் முடியும். சில வாரங்களில் எந்த நாளில் எது மீந்துபோகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தாளை சத்துணவு அமைப்பாளரிடம் கொடுத்து, முதலில் குறைவாகப் பரிமாறி அப்புறம் கேட்டு வைக்கும் முறையை முயன்று பார்க்கலாம். உரம் போடுவது இதற்கு அடுத்த படிதான். நேராக உரத்துக்குப் போய்விட்டால், நல்ல சோற்றை எருவாக்கியதற்குப் பரிசு வாங்கிக்கொண்டிருப்போம்.

தப்ப முடியாமல் மீந்ததை மக்க வைக்கலாம். வெறும் சோறு போட்டால் நாறும், காரணம் காற்று புகாததுதான். ஈரச் சோறு ஒட்டிக்கொண்டு இடைவெளியை அடைத்துவிட, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் வேலையைக் கையிலெடுக்கின்றன. கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைமேடுகளின் அடியில் நடப்பதும் இதுதான்; அங்கே வெளிவரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சோற்றோடு வாதாம் மரத்துக் காய்ந்த இலைகளைத் தாராளமாகக் கலந்தால் காற்று புகும், நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 30 பங்கு என்ற தேவையான விகிதமும் நெருங்கி வரும். குவியல் போதிய அளவு பெரிதாக இருந்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். ஆய்வகத் தெர்மாமீட்டரைச் செருகி தினமும் குறித்து வாருங்கள். பாதியிலேயே சூடு இறங்கினால் புரட்டிப் போட வேண்டிய நேரம்.

இந்த வேலைகள் பெரும்பாலும் நின்றுபோவது ஒரே காரணத்தால். ஒன்பதாம் வகுப்பில் ஆர்வமாக அளந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது, நோட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. அதனால் நோட்டை எட்டாம் வகுப்பின் பொறுப்பில் விட்டு, முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே ஏழாம் வகுப்புக்கு அளவெடுக்கக் கற்றுக்கொடுத்துக் கைமாற்றிவிடுவது நல்லது. கிணற்றின் டிடிஎஸ் கணக்குக்கு ரெண்டு மழைக்காலமாவது தொடர்ந்து வேண்டும். ஓர் ஆண்டின் எண்ணை வைத்து, குழி வேலை செய்கிறதா, மழைதான் அதிகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.