மீட்டிய பிறகு தந்தி என்ன செய்கிறது?

கிளிநொச்சி வாசகர் ஒருவரின் கேள்வி இது: “நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ தொகுப்பைக் கேட்டேன். ஒரே ஆள், ஒரே கிற்றார் என்கிறார்கள். ஆனால் பின்னால் இன்னொருவர் மெல்ல வாசித்துக்கொண்டிருப்பதுபோலக் கேட்கிறதே, அது யார்?”

வேறு யாருமில்லை, ஆங்கிலப் பாடகரும் கிற்றார் வாசிப்பாளருமான டிரேக் ஒருவர்தான். 1971 ஒக்ரோபரில் இலண்டன் செல்சியிலிருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில், இரண்டே இரவுகளில் பதிவான தொகுப்பு அது. ஒலிப்பதிவாளர் ஜோன் வூட். 1972 பெப்ரவரியில் வெளிவந்தது. 11 உருப்படிகள், மொத்தம் 28 நிமிடங்கள். தலைப்புப் பாடலில் வரும் சிறு பியானோத் துண்டு மட்டும் பிறகு சேர்த்தது. முந்திய இரு தொகுப்புகளிலும் வயலின்களும் துணை வாத்தியங்களும் உண்டு. இதில் டிரேக் எல்லாவற்றையும் விலக்கிவிட்டார். இரண்டு வருடங்கள் கழித்து, 26ஆவது வயதில் இறந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவருடைய தொகுப்புகளை வாங்கியவர்கள் மிகக் குறைவு.

அந்த “இன்னொருவர்” யார் என்பதற்கு விடையில் ஒரு பகுதி எளிது. பெருவிரல் கீழ்ச்சுரத் தந்திகளில் தாளம் தவறாமல் நடக்க, மற்ற விரல்கள் மேல் தந்திகளில் வேறொரு கோலம் போடுகின்றன. காது அதை இரண்டு பேரின் வாசிப்பாகப் பிரித்துக்கொள்கிறது. மிச்சப் பகுதிதான் உண்மையில் இரசிக்கத்தக்கது. அது தந்தியின் பௌதிகம்.

வழக்கமான கிற்றாரில் தடித்த 6ஆம் தந்தியிலிருந்து மெல்லிய 1ஆம் தந்தி வரை சுரங்கள் ஈ, ஏ, டி, ஜீ, பி, ஈ. தலைப்புப் பாடலுக்கு டிரேக் வைத்த சுருதி சி, ஜீ, சி, எஃப், சி, ஈ. அதன்மேல் இரண்டாம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் பிடி. 6ஆம் தந்தி நான்கு அரைச்சுரம், அதாவது நான்கு பிரெட் அளவு, கீழே போகிறது. 5ஆம், 4ஆம், 3ஆம் தந்திகள் இரண்டிரண்டு அரைச்சுரம் இறங்குகின்றன. 2ஆம் தந்தி ஓர் அரைச்சுரம் ஏறுகிறது. 1ஆம் தந்தி இருந்தபடியே இருக்கும்.

உயர்தர வகுப்பில் சுரமானி (தந்தியின் அதிர்வை ஆராயும் கருவி) தொட்டவர்களுக்கு அடுத்தது தெரியும். ஒரே நீளம், ஒரே தந்தி என்றால் இழுவை, மீடிறனின் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதன்) வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். ஆகவே 6ஆம் தந்தியில் மிஞ்சுவது பழைய இழுவையின் 63 வீதம்தான். இரண்டு அரைச்சுரம் இறங்கியவற்றில் 79 வீதம். 2ஆம் தந்தியில் 12 வீதம் கூடும். தளர்ந்த தந்தியை ஓங்கி மீட்டினால் முதற்கணத்தில் சுருதி சற்று மேலே போய்ப் பிறகு இறங்கும். பிரெட்டில் பட்டுக் கரகரக்கவும் செய்யும். அதனால் மெல்ல மீட்டியே ஆகவேண்டும். இந்தத் தொகுப்பின் அடக்கத்தில் ஒரு பங்கை இந்த இழுவைக் கணக்கே எழுதிவிடுகிறது.

இனி அதிர்வெண்கள். கப்போ இல்லாத நிலையில் 6ஆம் தந்தி செக்கனுக்கு 65.4 தரம் அதிர்கிறது. எந்தத் தந்தியும் தன் அடிப்படை மீடிறனோடு மட்டும் நிற்பதில்லை. இரட்டை, மும்மடங்கு, நான்மடங்கு, ஐம்மடங்கு மீடிறன்களும் கூடவே அதிரும். இவைதான் இசையங்கள். 65.4இன் இரட்டை 130.8: அது 4ஆம் தந்தி. மும்மடங்கு 196.2: 5ஆம் தந்தியின் இரண்டாம் இசையம் அங்கே இருக்கிறது, 196.0இல். நான்மடங்கு 261.6: அது 2ஆம் தந்தி. ஐம்மடங்கு 327.0: 1ஆம் தந்தி 329.6இல் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு தந்தியை மீட்டினால் விரலே படாத மற்றத் தந்திகள் பரிவால், அதாவது ஒத்த மீடிறன் தூண்டுவதால், எழும்புகின்றன. இதைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். 4ஆம் தந்தியை மீட்டி, ஒரு செக்கன் கழித்து விரலை வைத்து அதை நிறுத்துங்கள். ஒலி தொடரும். இப்போது ஒலிப்பவை 6ஆம், 2ஆம் தந்திகள். வழக்கமான சுருதியிலும் இது நடக்கும், ஆனால் மிகவும் பலவீனமாக. அங்கே தந்திகள் பகிர்ந்துகொள்வது மூன்றாம், நான்காம் இசையங்கள் போன்ற மெலிந்தவற்றையே.

அந்த 327.0, 329.6 இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.6. டியூனர் காட்டும் இடத்தில் 1ஆம் தந்தியை வைத்தால் செக்கனுக்கு இரண்டரைத் தடவை அளவில் ஒலி பெருகிச் சுருங்கும். பாடப்புத்தகத்தில் அடிப்புக்கள் என்று படித்தது இதைத்தான். 196.2, 196.0 சோடிக்கோ ஓர் அடிப்புக்கு நாலரைச் செக்கன் பிடிக்கும். எஃப் தந்தி மட்டும் இந்தக் குடும்பத்துக்குள் இலகுவில் சேராது. அதன் இரண்டாம் இசையம் 349.2, 329.6 உடன் அது செக்கனுக்கு இருபது அடிப்புத் தரும். இருபதைக் காது தனித்தனியாக எண்ணாது, ஒரு சொரசொரப்பாக உணரும். எல்லாத் தந்திகளையும் சேர்த்து மீட்டும்போது வரும் தொகுதிச்சுரம் எங்கும் போய்ச் சேராததுபோலத் தொங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் நான் உங்கள் காதை இழுத்துக்கொண்டுபோக விரும்பும் இடம் வேறு. ஒற்றைத் தந்தியின் ஒலி எப்படித் தேய்கிறது என்பது.

தந்தி ஒரு திசையில் மட்டும் ஆடுவதில்லை. பெட்டியின் மேற்பலகையை நோக்கி மேலும் கீழும் ஆடலாம். பலகைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டிலும் ஆடலாம். மேலும் கீழும் ஆடும்போது, பலகைமேல் தந்திகளைத் தாங்கும் பாலமும் அதோடு மெல்லிய பலகையும் சேர்ந்து அசைகின்றன. பலகை காற்றைத் தள்ளுகிறது, ஒலி பெரிதாக வருகிறது. பெரிதாக வருகிறது என்றால் தந்தியின் சக்தி விரைவாகக் கொட்டிப்போகிறது என்றுதான் பொருள். பக்கவாட்டு அசைவுக்கோ பலகை மிகவும் விறைப்பானது. பாலம் அசைய மறுக்கிறது, சக்தி வெளியேற வழி குறைவு. ஆகவே அந்த அசைவு சின்ன ஒலியோடு நெடுநேரம் நிலைக்கிறது.

விரல் ஒருபோதும் சரியாக ஒரு திசையில் மட்டும் இழுப்பதில்லை. இரண்டும் கலந்தே தொடங்கும். முதலில் நாம் கேட்பது மேல்கீழ் அசைவின் ஒலி. அது வற்றிய பிறகு, அதுவரை மறைந்துகிடந்த பக்கவாட்டு அசைவு வெளியே தெரியவருகிறது. ஒரு மீட்டலுக்கு இரண்டு தேய்வுகள்: செங்குத்தாக விழும் ஒன்று, சரிவாகப் போகும் இன்னொன்று. கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, கணினியில் ஓடாசிட்டி மென்பொருளில் திறந்து, அலையை டெசிபல் அளவில் பாருங்கள். சரிவு ஓரிடத்தில் முழங்கால்போல மடங்குவதைக் காணலாம்.

இரண்டு திசைகளின் மீடிறன்களும் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதில்லை. பாலம் ஒரு திசையில் இளகியும் மறுதிசையில் இறுகியும் இருப்பதால் தந்தியின் பயனுறு நீளம் மிக நுண்ணிய அளவில் வேறுபடும். அதனால் தந்தி வரையும் நீள்வட்டம் மெதுவாகத் திரும்பிக்கொண்டே போகிறது. அடங்கிவிட்டது என்று நினைத்த ஒலி மறுபடி சற்றுத் தலைதூக்குவது அதனால்தான். விரும்பினால் கையாலும் பிரித்துப் பார்க்கலாம். தந்தியைப் பெட்டியை நோக்கி அமுக்கி விடுங்கள்: உரத்த, குறுகிய ஒலி. பலகைக்குச் சமாந்தரமாக இழுத்து விடுங்கள்: மெல்லிய, நீண்ட ஒலி. தேர்ந்த வாசிப்பாளரின் விரல் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு சுரத்துக்கும் தீர்மானிக்கிறது.

பறையோ, பேஸோ, வயலினோ இருந்தால் இந்த இரண்டாம் தேய்வு அவற்றின் அடியில் புதைந்துபோகும். ‘பிங்க் மூன்’ தொகுப்பின் துணிச்சல் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் தேய்வு கேட்கும்படி இடம்விட்டிருக்கிறார்கள். அதன் துயரத்தைச் சொற்களில் மட்டும் தேடுகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

துயரம் என்றாலும் ஒரே வகையில்லை. வன்னியில் சாவீட்டில் எழும் ஒப்பாரி உச்சத்தில் பிடித்து இறங்கி வரும், குரல் உடையும், விம்மல் இடையில் வரும், ஊரைக் கூப்பிடும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் கண்ணகி புலம்பும் இடமும் அந்த வகைதான். அழுகிற குரல் உரத்தது, உயர்ந்தது. வாடிப்போன மனிதர் பேசும் குரல் இதற்கு நேரெதிர்: தாழ்ந்த சுருதி, குறைந்த ஒலி, மெதுவான வேகம், ஏற்றஇறக்கம் சுருங்கிய பேச்சு, தெளிவில்லாத உச்சரிப்பு. உலகின் பல மொழிகளிலும் கேட்பவர்கள் இந்த அடையாளங்களைத் துயரமென்றே இனங்காண்கிறார்கள். டிரேக்கின் பாட்டில் இந்த ஐந்தும் உண்டு. அத்தோடு ஒலிவாங்கிக்கு மிக அருகில் மெல்லப் பாடினால், திசையுணர் ஒலிவாங்கிகள் கீழ்மீடிறன்களை மிகைப்படுத்திக் கொடுக்கும். கேட்பவருக்கு அது காதோரம் பேசுவதுபோலப் படும்.

கேட்கும் விதம் பற்றி: கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. கப்போவோடு 73 ஹேர்ட்ஸாக இருக்கும் 6ஆம் தந்தியின் அடிப்படை முற்றாகத் தொலைந்துவிடும். மேல் இசையங்களை வைத்து மூளை அந்தச் சுருதியைத் தானே ஊகித்துக்கொள்வதால் பாட்டு பிழையாகக் கேட்காது. ஆனால் ஒலியின் கனமும் தேய்வும் போய்விடும். இரண்டு காதுக்கும் பொருந்தும் ஒலிப்பான் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தேய்வின் கடைசிப் பகுதி அதன் இரைச்சலுக்குக் கீழேதான் இருக்கிறது.

இந்தச் சுருதியைக் கையில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில சொல்லவேண்டும். ஒலிவாங்கி வழியாக இயங்கும் டியூனர் செயலிகள் 65 ஹேர்ட்ஸில் தடுமாறும். 6ஆம் தந்தியை 12ஆம் பிரெட்டுக்கு மேல் விரலால் தொட்டு மீட்டினால் 130.8 வரும், அதை வைத்துச் சேருங்கள். முதலில் இறக்கவேண்டிய தந்திகளை இறக்குங்கள். இழுவை குறையக் கழுத்து நிமிர்ந்து, முதலில் சேர்த்த தந்திகள் சற்று ஏறிவிடும். ஆகவே சுற்று முழுவதையும் இரண்டாம் தடவை செய்யவேண்டும். 2ஆம் தந்தி பழையதென்றால் ஏற்றும்போது அறும். புதிதாகப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். கப்போவைப் பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி வைக்கவேண்டும். தள்ளி வைத்தால் தந்தியை இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும். 6ஆம் தந்தி கரகரத்தால் 0.30 முதல் 1.35 மில்லிமீற்றர் வரையான தொகுதிக்குப் பதில் 0.33 முதல் 1.42 வரையான தொகுதியைப் போடுங்கள். வன்னியின் மாரியில் பலகை ஈரத்தை உறிஞ்சி வீங்கும், பாலம் எழும்பும், தந்தி உயரும். சோளகக் காலத்து வரட்சியில் பலகை சுருங்கும், வெடிக்கவும் கூடும். கிற்றாரை வைக்கும் உறைப்பெட்டிக்குள் ஈரப்பதன் 45 முதல் 55 வீதம் இருந்தால் நல்லது. சிலிக்கா ஜெல் பொதிகள் மாரிக்கு உதவும். வியர்வை படிந்த தந்தியில் மேல் இசையங்கள் முதலில் சாகும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சுருதியை இறக்குவது என்றதும் “(வழக்கமான 440க்குப் பதில்) 432 ஹேர்ட்ஸ் நோய் தீர்க்கும்” என்று சுற்றும் காணொளிகளை நினைப்பவர்கள் இருப்பார்கள். அது மூடநம்பிக்கை. செக்கன் என்பது மனிதர் வகுத்த அலகு. அந்த அலகில் எண்ணும்போது எந்த எண் வருகிறது என்பதை உடற்கலம் அறியாது. தந்திகளுக்கு இடையிலான விகிதமே இங்கே வேலைசெய்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில் ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த விகிதம் மாறாது.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. உடுக்கின் தோல் எப்படித் தேய்கிறது, ஒப்பாரிக் குரல் எந்தச் சுருதியில் தொடங்கி எங்கே இறங்குகிறது என்பவற்றை அளக்க ஒரு நல்ல ஒலிவாங்கியும் மடிக்கணினியும் அமைதியான அறையும் போதும். 2009 வரையான இடப்பெயர்வுகளில் ஒலிப்பதிவு நாடாக்களும் கூத்துக் கொப்பிகளும் எத்தனையோ வீடுகளில் தொலைந்தன. பாடத் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கட்டடத்துக்கு ஒதுக்குவதில் சிறு துளியை இதற்கு ஒதுக்கினால் இறுதியாண்டு மாணவர்கள் செய்துமுடிப்பார்கள்.

கடைசியாக, அந்தப் பியானோத் துண்டு. பியானோவின் பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று தந்திகள் உண்டு. சுத்தியல் மூன்றையும் சேர்ந்தாற்போல அடிக்கிறது. ஒன்றாக அசையும்வரை பாலத்தைத் தள்ளிச் சக்தியைக் கொட்டுகின்றன. சுருதியில் இம்மியளவு வேறுபடுவதால் சிறிது நேரத்தில் அவற்றின் அசைவுகள் எதிரெதிராகின்றன, பாலத்தின் மேலான தள்ளல் ஒன்றையொன்று ஈடுசெய்கிறது, மிஞ்சியது மெதுவாகத் தேய்கிறது. வேறு வழியில் வந்த அதே இரட்டைத் தேய்வு. தலைப்புப் பாடலில் கிற்றாரின் தேய்வுக்கும் பியானோவின் தேய்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்துக் கேளுங்கள்.