பெயரை அழித்தால் போதுமா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே கோலாலம்பூர் சுகாதார ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். தனியார் கிளினிக்குகளின் நோயாளிப் பதிவுகளை ஒழுங்குபடுத்துவது எங்கள் குழுவின் வேலை. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள், “பெயரை அழித்தாச்சு அண்ணா, இனி யாரென்று தெரியாது” என்பார்கள். தோட்டத்துப் பக்கம் இது எடுபடாது.

நம் மலேசிய அடையாள அட்டையின் (ஐசி) எண்ணையே பாருங்கள். 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக் என்றால் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இதோடு 31100 என்ற எங்கள் ஊர் அஞ்சல் குறியீடும் டயாலிசிஸ் என்ற குறிப்பும் சேர்ந்தால், எந்த லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அக்கா என்று சாப்பாட்டுக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். எண்ணை நீக்கிப் பிறந்த தேதியை விட்டுவைத்தாலும் கதை அதேதான்.

இனிப்பு நீரை (நீரிழிவை)ப் பற்றி நம்மவர்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள். காசநோய், மனநலச் சிகிச்சை, கருச்சிதைவு அப்படியா? கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதனால் பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு, அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் மாவட்டம் என்று மாற்றுகிறோம். ஒரு பிரிவில் நாலைந்து பேர்தான் என்றால் அதை வேறொன்றோடு சேர்த்துவிடுகிறோம். மென்பொருளைச் சோதித்துப் பார்க்க முழுக்கக் கற்பனை நோயாளிகள். ஆனால் கற்பனையும் நம் ஊர்க் கற்பனையாக இருக்கவேண்டும்: ‘அ/லெ’ (இன்னார் மகன்), ‘அ/பெ’ (இன்னார் மகள்) போட்ட நீளமான பெயர்கள் இல்லாவிட்டால், அந்தச் சாய்கோட்டில் மென்பொருள் இடறுவது கிளினிக் கவுன்டரில்தான் தெரியவரும். மனம்போன போக்கில் எழுதிய ஐசி எண் உண்மையில் யாருடையதாகவோ இருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். பிழையைக் காட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது. தரவுத்தளத்துக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் அந்தப் படம் பத்துப் பேர் கைப்பேசியில் கிடக்கும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைக் கூடுதல் கவனம் வேண்டிய தரவாகத் தனியே வைக்கிறது. அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாத சட்டம், தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். கடும் பாதிப்பு தரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்கவேண்டும் என்பது 2025 ஜூன் முதல் நடப்பில் உள்ளது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் நேர்காணலில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: “சோதனைக்கு யாருடைய தரவைப் பயன்படுத்துகிறீர்கள்?” பதில் சொல்லத் தடுமாறினால், யோசித்துச் சேருங்கள்.