கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டால்

சென்ற ஆண்டு ஒரு நாக்அவுட் கால்பந்து ஆட்டம். ஒரு அணிக்குப் பிசியோவாகக் கோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு கார்னர். எங்கள் கோலி (கோல்கீப்பர்) எகிறிப் பந்தைக் குத்தினான்; வந்த வேகத்தில் ஒரு பையனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. விழுந்தவன் உடனே எழுந்துவிட்டான். “ஒண்ணுமில்ல சார், ஆடிருவேன்” என்றான். கழன்று கிடந்த இடது கையுறையை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரல் போகவேண்டிய இடத்தில் சுண்டுவிரலை நுழைத்துக்கொண்டிருந்தான். மூன்று முறை முயன்றான். தினமும் போடுகிற கையுறை.

“இப்ப எந்தப் பாதி நடக்குது?” என்று கேட்டேன். “ஃபர்ஸ்ட் ஹாஃப்” என்றான். “கடைசி கோல் யார் போட்டது?” பதில் சொல்லாமல் பக்கத்தில் நின்ற டிஃபெண்டரின் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. வெளியே எடுக்கச் சொல்லிக் கை காட்டினேன். கோச் கோபமாக வந்தார். வேறு கோலி இல்லை, சப் (மாற்று ஆட்டக்காரர்) எல்லாம் முடிந்துவிட்டது என்றார். அப்புறம் அவர் சொன்னதை வேறு மைதானங்களிலும் கேட்டிருக்கிறேன்: “ஓடுற பையனா இருந்தா சரி. இவன் சும்மா நிக்கத்தானே போறான்?”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோலி நிற்பதால் அவனுடைய தலைசுற்றல் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது, எப்போது எகிற வேண்டும் என்று கண்ணும் மூளையும் சேர்ந்து நொடிக்குள் கணக்குப் போடுகிற வேலை அது. அடிபட்டு மூளை குலுங்கி, அதன் வேலை தடுமாறுவதைத்தான் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) என்கிறோம். அது கெடுக்கக்கூடியது அந்தக் கணக்கைத்தான்.

2018 மே 26, கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். லிவர்பூல் கோலி லோரிஸ் காரியஸின் தலையில் எதிரணியான ரியல் மாட்ரிட்டின் செர்ஜியோ ரமோஸின் முழங்கை இடித்தது. சில நிமிடங்களில் காரியஸ் கையால் உருட்டிவிட்ட பந்து ரியல் மாட்ரிட்டின் பென்சிமாவின் காலில் பட்டுக் கோலானது. பிறகு அதே அணியின் பேல் தூரத்திலிருந்து அடித்த பந்து கைக்கு வந்தும் நழுவியது. ஊரே அவரைத் திட்டித் தீர்த்தது. சில நாள் கழித்து பாஸ்டனில் பரிசோதித்த மருத்துவர்கள், அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது, கண்ணால் பார்த்து இடத்தைக் கணிக்கும் திறனும் பாதிக்கப்பட்டிருந்தது என்றார்கள். அந்தக் கோல்களுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடிபட்டவுடன் யாராவது அவரிடம் நான்கு கேள்வி கேட்டிருக்கலாமே என்று இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் கோச்சின் கவலைக்கும் பதில் உண்டு. 2006 அக்டோபர் 14, ரெடிங் மைதானம். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே செல்சி கோலி பெட்ர் செக்கின் தலையில் எதிரணி வீரரின் முழங்கால் மோதி, மண்டை ஓடு உள்வாங்கி உடைந்தது. அவருக்குப் பதிலாக வந்த குடிசினியும் கடைசி நேரத்தில் மோதி நினைவிழந்தார். டிஃபெண்டர் ஜான் டெரி கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார். செல்சி 1-0 என்று வென்றது. நடுவரிடம் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் கோலியாக மாறலாம். விதி அதற்கு இடம் தருகிறது.

செக் மூன்று மாதம் கழித்து, 2007 ஜனவரியில் தலைக்கவசத்தோடு திரும்பி வந்து, 2019 வரை ஆடினார். 1931-இல் இதே போன்ற மோதலில் செல்டிக் கோலி ஜான் தாம்சனுக்கும் மண்டை ஓடு உள்வாங்கி உடைந்தது. அன்றிரவே இறந்துபோனார். வயது 22.

செக் போட்ட மாதிரிக் கவசம் வாங்கிக் கொடுக்கட்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது எலும்பையும் தோலையும் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அதை நம்பிப் பிள்ளையை மறுபடி இறக்கிவிடாதீர்கள்.

மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் தவறு. பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. ஸ்கேனும் பல சமயம் சுத்தமாகத்தான் இருக்கும். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, தள்ளாடுவது, வழக்கத்துக்கு மாறாக அழுவது அல்லது எரிந்து விழுவது, இதில் ஒன்று இருந்தாலே ஆட்டம் முடிந்தது. வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்து வலி, இரட்டையாகத் தெரிவது, கைகால் மரத்துப்போவது என்றால் நேராக ஆஸ்பத்திரி.

“ஆடுவேன்” என்று அவன் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 2013 நவம்பரில் எவர்ட்டன் மைதானத்தில் டாட்டன்ஹாம் கோலி ஹூகோ லோரிஸ் நினைவிழந்து எழுந்தும் ஆட்டத்தைத் தொடர்ந்தார். பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில், அடிபட்டவர் ஆடலாமா என்ற முடிவு கோச்சின் கையிலிருந்து டாக்டரின் கைக்குப் போனது. மூளை அதிர்ச்சிக்கென்று தனியாக ஒரு சப் தரும் ஏற்பாடு 2021-இல் சோதனையாகத் தொடங்கி, 2024-இல் ஆட்ட விதிப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் போதும், உள்ளூர்ப் போட்டியிலும் வைக்கலாம்.

எங்கள் பையனை வெளியே எடுத்தோம். பின்வரிசையில் ஸ்டாப்பர் ஆடிய பையன் கோலுக்குப் போனான், தோற்றோம். இவனுக்கு முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, சைக்கிள், மோதலில்லாத பயிற்சி. டைவ் அடிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். தலையில் எதுவும் படாவிட்டாலும், தரையில் விழும் ஒவ்வொரு தடவையும் மூளை குலுங்கும். இரண்டு வாரம் வரை போன் பார்த்தாலே தலை வலித்தது. ஐந்தாவது வாரம் டாக்டர் சரி என்ற பிறகுதான் மைதானத்துக்கு வந்தான். பக்கவாட்டிலிருந்து உயர்ந்து வரும் பந்தை (கிராஸ்) பிடிக்கும் பயிற்சிக்கு முன் என் எதிரில் உட்கார்ந்து கையுறை போட்டான். அந்த இடது கட்டைவிரலையேதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தடவையில் உள்ளே போனது.